அறையும் பெட்டியும் பெருக்கியும்: வீட்டு ஒலியமைப்பு வரலாற்றில் ஒரு காரணத் தொடர் (1895–1994)

ஆய்வுச்சுருக்கம்

வீட்டில் இசை கேட்பதற்கான கருவிகளின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே சொல்லப்படுகிறது. அவ்வரிசையில் ஒலிபெருக்கிக்கும் பெருக்கிக்கும் இடமுண்டு. அவை ஒலிக்கும் அறைக்கு இடமில்லை. அறையின் அளவும் சுவரின் அண்மையும் ஒலிபெருக்கிப் பெட்டியின் வடிவைத் தீர்மானித்தன. பெட்டியின் வடிவு பெருக்கியிடம் கோரப்படும் ஆற்றலைத் தீர்மானித்தது. அவ்வாற்றலின் வெப்பம் பெருக்கியின் ஆயுளைத் தீர்மானித்தது என்னும் காரணத் தொடரை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. பெருக்கியின் நீடித்துழைப்பைப் பொருளின் தரம் சார்ந்த சிக்கலாக மட்டும் காண்பது போதாது என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: எதிர்முழக்கம், ஒலிபெருக்கி, பெருக்கி, அறை ஒத்ததிர்வு, எதிர்ப் பின்னூட்டம், நீடித்துழைப்பு.

முன்னுரை

தமிழில் ‘ஒலிபெருக்கி’ என்னும் சொல் நிலைபெற்றுவிட்டது. ஆயினும் அச்சொல் சுட்டும் கருவி ஒலியைப் பெருக்குவதில்லை; மின்குறிப்பை ஒலியாக மாற்றுகிறது. பெருக்கும் வேலையைச் செய்வது பேச்சுவழக்கில் ஆம்ப்ளிஃபையர் எனப்படும் பெருக்கி. அதுவும் ஒலியைத் தொடுவதில்லை, மின்குறிப்பையே பெருக்குகிறது. உண்மையில் ஒலியைக் கூட்டியும் குறைத்தும் நீட்டித்தும் செவிக்குத் தருவது மூன்றாவதான ஒன்று, அது அறை. ஒரு சொல்லில் இரு கருவிகள் கலந்து கிடப்பதும், மூன்றாவதற்குப் பெயரே இல்லாதிருப்பதும் தமிழுக்கு மட்டும் உரியவை அல்ல. துறையின் வரலாற்றெழுத்திலும் அறை பின்னணியாகவே நிற்கிறது.

எமிலி தாம்சன் 2002இல் வெளியிட்ட ‘தி சவுண்ட்ஸ்கேப் ஆஃப் மாடர்னிட்டி’ என்னும் நூல் இப்போக்குக்கு முக்கியமான விதிவிலக்கு. 1900 முதல் 1933 வரையிலான அமெரிக்காவை ஆராய்ந்த அவர், ஒலி அது எழுந்த இடத்திலிருந்து பிரிக்கப்பட்டதையும், எதிர்முழக்கம் தேவையற்ற இரைச்சலாகக் கருதப்பட்டு உறிஞ்சும் பொருள்களால் அடக்கப்பட்டதையும் காட்டினார். அரங்கு, அலுவலகம், திரையரங்கு ஆகியவற்றுக்கு அம்முடிவு பொருந்தும். வீட்டு அறைக்கோ அது முழுமையாகப் பொருந்தாது. வீட்டின் கூடத்தை எவரும் இசைக்காகக் கட்டுவதில்லை. உண்பதற்கும் உறங்குவதற்கும் உரையாடுவதற்கும் கட்டிய இடத்தில் கருவியே இடம் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. அத்தேடலின் வரலாற்றை இக்கட்டுரை நிரல்படுத்துகிறது. இங்குக் ‘பெருக்கி’ என்பது மின்குறிப்பைப் பெருக்கும் கருவியையும், ‘ஒலிபெருக்கி’ என்பது ஒலி எழுப்பும் கருவியையும் மட்டும் குறிக்கும்.

1. அறை அளவைக்கு உட்பட்டது

1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூடத்தில் இருந்த விரிவுரை அரங்கில் பேச்சு விளங்கவில்லை. அதைச் சீர்செய்யும் பணி இளம் இயற்பியல் ஆசிரியரான வாலஸ் கிளமென்ட் சபைனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வரங்கில் சொன்ன ஒரு சொல் ஏறத்தாழ 5.5 நொடி வரை கேட்டுக்கொண்டிருந்தது; அடுத்தடுத்த சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. சபைன் அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து படிப்படியாகப் பரப்பினார். ஆர்கன் குழலை ஒலிக்கச்செய்து, ஒலி அடங்கும் நேரத்தைக் குறித்தார். நகரம் அடங்கிய நள்ளிரவுக்குப் பின்னரே இவ்வளவீடுகள் இயன்றன.

அதன் பயனாகக் கிடைத்த தொடர்பு எளிமையானது. எதிர்முழக்க நேரம் அறையின் கன அளவுக்கு நேர்விகிதத்திலும், பரப்புகளின் மொத்த உறிஞ்சலுக்கு எதிர்விகிதத்திலும் அமையும். மீட்டர் அளவையில் கன அளவை 0.161ஆல் பெருக்கி, உறிஞ்சலால் வகுத்தால் நேரம் நொடிகளில் கிடைக்கும். திறந்த சாளரத்தின் பரப்பைச் சபைன் உறிஞ்சலின் அலகாகக் கொண்டார். சாளரத்தின் வழி வெளியேறிய ஒலி திரும்புவதில்லை என்பதே அதன் தருக்கம். 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்ஃபனி அரங்கு இக்கணக்கீட்டைத் துணைக்கொண்டு எழுந்தது.

ஆயினும் இச்சூத்திரம் பேரரங்குக்கு உரியது. ஒலி எல்லாத் திசைகளிலும் சீராகப் பரவியுள்ளது என்பது அதன் அடிப்படை எடுகோள். வீட்டு அறையில் தாழ்ந்த அதிர்வெண்களில் அவ்வெடுகோள் நிலைப்பதில்லை. 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையைக் கொள்வோம். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் எனின், எதிரெதிர்ச் சுவர்களிடையே அரை அலை பொருந்தும் முதல் ஒத்ததிர்வுகள் முறையே 34, 43, 57 ஹெர்ட்ஸ் அளவில் எழும். அவ்வதிர்வெண்களில் சுவரோரம் ஒலி மிகும். அறையின் நடுவே மெலியும். மான்ஃப்ரெட் ஷ்ரோடர் 1954இல் இத்தனித்த ஒத்ததிர்வுகள் ஆளும் பகுதிக்கும் அவை ஒன்றோடொன்று கலந்து சீராகும் பகுதிக்கும் இடையே ஓர் எல்லையை வகுத்தார். பின்னர்த் திருத்தம் பெற்ற அவரது சூத்திரத்தின்படி, எதிர்முழக்க நேரம் அரை நொடியாக இருப்பின், மேற்கண்ட அறைக்கு அவ்வெல்லை ஏறத்தாழ 180 ஹெர்ட்ஸ் ஆகும். பெரிய இசையரங்குகளில் அது செவிப்புலனின் கீழ் விளிம்பை ஒட்டி அமைந்துவிடும். வீட்டிலோ இசையின் கீழ்த்தளம் முழுவதும் அறையின் ஆட்சிக்கு உட்படுகிறது. ஆகவே, சபைன் அரங்குக்குத் தந்த தீர்வை வீட்டுக்குள் அப்படியே கொண்டுவர இயலவில்லை.

2. ஒலிபெருக்கி சுவரைத் தேடியது

1925இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் ஆகியோர் கூம்புக்குழல் இன்றி இயங்கும் இயங்குசுருள் ஒலிபெருக்கியை விளக்கி ஆய்வுரை வெளியிட்டனர். காந்தப்புலத்தில் நிற்கும் கம்பிச்சுருள் ஒரு தாள் கூம்பை அசைக்கிறது. கூம்பு காற்றை அசைக்கிறது. அடுத்த ஆண்டே அது ரேடியோலா 104 என்னும் பெயரில், உள்ளமைந்த பெருக்கியுடன் விற்பனைக்கு வந்தது. இன்றைய ஒலிபெருக்கிகளில் பெரும்பாலானவை இவ்வடிவமைப்பின் வழிவந்தவை.

இவ்வமைப்பிலேயே ஒரு சிக்கல் இருந்தது. கூம்பின் முன்பக்கம் காற்றை அழுத்தும்போது பின்பக்கம் அதை நெகிழ்த்துகிறது. இரண்டும் விளிம்பைச் சுற்றி வந்து சந்தித்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். அதைத் தடுக்கும் அளவுக்குப் பலகையை வீட்டில் நிறுத்த இயலாது. இதற்கு மூவகை விடைகள் தோன்றின. வானொலிப் பேழைகள் பின்புறம் திறந்த மரப்பெட்டியோடு நிறைவடைந்தன. பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1930இல் காப்புரிமை கோரிய அமைப்பில், பின்னலை ஒரு துளை வழியே திருப்பப்பட்டு முன்னலைக்குத் துணையானது. மூன்றாவது விடையே இக்கட்டுரைக்கு முதன்மையானது. அது அறையையே கருவியின் உறுப்பாக்கியது.

அமெரிக்கப் பொறியாளர் பால் கிளிப்ஷ் 1940களில் உருவாக்கிய கிளிப்ஷ்ஹார்ன் என்னும் ஒலிபெருக்கி அறையின் மூலையில் பொருந்துமாறு அமைக்கப்பட்டது. மடித்த கூம்புக்குழல் ஒன்று பேழைக்குள் தொடங்கி, மூலையின் இரு சுவர்களையும் தரையையும் தன் வாயாகக் கொண்டு விரிந்தது. அவர் 1946இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஹோப் நகரில் நிறுவிய தொழிலகம் அதைத் தயாரித்தது. இவ்வமைப்பில் சுவர் குறையன்று, மூலதனம். கட்டடத்தின் மூலை இலவசமாகத் தந்த ஒலிச்சுமையால், மிகச்சிறிய மின்னாற்றலே அறையை நிறைக்கப் போதுமானதாயிற்று. சில வாட் தரும் பெருக்கி அதற்குத் தாராளம். அதன் விலை வேறு வகையானது: ஒரு மூலை வெறுமையாக இருக்கவேண்டும், ஏறத்தாழ 130 செ.மீ. உயரமுள்ள பேழை அங்கே நிலையாக நிற்கவேண்டும்.

3. பெருக்கியின் துல்லியம்

பெருக்கியின் வரலாறு வீட்டில் தொடங்கவில்லை. தொலைபேசிக் கம்பியில் தொடங்கியது. நெடுந்தொலைவு இணைப்பில் அடுத்தடுத்து நிற்கும் பெருக்கிகள் ஒவ்வொன்றும் சிறு திரிபைச் சேர்த்ததால், இறுதியில் பேச்சு சிதைந்தது. பெல் ஆய்வகத்தின் ஹெரால்டு பிளாக் 1927 ஆகஸ்டு 2 அன்று ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்தபோது, கையிலிருந்த நாளிதழின் பக்கத்தில் இதற்கான விடையை வரைந்தார். வெளியீட்டின் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி உள்ளீட்டுக்குத் திருப்பினால், பெருக்கம் குறையும்; அதே விகிதத்தில் திரிபும் குறையும். எதிர்ப் பின்னூட்டம் எனப்படும் இக்கோட்பாடு, பெருக்கத்தைக் கொடுத்துத் துல்லியத்தைப் பெறும் பண்டமாற்று எனலாம்.

இது வீட்டு இசைக்கு முழு வலிமையோடு வந்தது 1947இல். டி. டி. என். வில்லியம்சன் அவ்வாண்டு ஏப்ரல், மே மாதங்களில் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் வெளியிட்ட பெருக்கி, இரு கேடி66 வால்வுகளைக் கொண்டு 15 வாட் ஆற்றலை 0.1 விழுக்காட்டுக்கும் குறைந்த திரிபுடன் தந்தது. வெளியீட்டு மின்மாற்றியும் பின்னூட்ட வளையத்துக்குள் அடங்கியமையால், அதன் தரமே பெருக்கியின் தரத்தை முடிவுசெய்தது. இதழைப் படித்த ஆர்வலர்கள் தாமே அதைக் கட்டினர்; வணிக நிறுவனங்களும் அதைப் பின்பற்றின. பீட்டர் வாக்கரின் நிறுவனம் 1953இல் வெளியிட்ட குவாடு II பெருக்கியும் 15 வாட் அளவினதே.

இங்கு நோக்க வேண்டியது அந்த எண். அக்காலப் பெரிய பேழைகளுக்கு 15 வாட் போதும் என்பது வடிவமைப்பாளரின் பொதுக்கருத்து. அறையின் மூலையும் பேழையின் பருமனும் சுமையின் ஒரு பகுதியைத் தாங்கியதால்தான் பெருக்கி அவ்வளவு சிறிதாக இருக்க முடிந்தது. பிறகு மாறியது இந்த உடன்பாடே.

4. மூலையிலிருந்து நூலடுக்குக்கு

எட்கர் வில்ச்சர் 1954இல் கேம்பிரிட்ஜ், மாசசூசெட்ஸில் ஹென்றி கிளாஸுடன் இணைந்து உருவாக்கிய ஏஆர்–1 ஒலிபெருக்கி வேறு வழியில் சென்றது. கூம்பைத் தாங்கும் விறைத்த பிடிப்பு தாழ்ந்த ஒலிகளில் திரிபை உண்டாக்கியது. வில்ச்சர் அப்பிடிப்பை மிகத் தளர்வாக்கி, காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்தினார். காற்றுவில் உலோக வில்லையும் துணியையும் விடச் சீரானது. ஆகவே பெட்டி சிறியதாக இருப்பது இங்குக் குறையாகாமல் வடிவமைப்பின் தேவையாகிவிட்டது. நூலடுக்கில் வைக்கத்தக்க பெட்டியிலிருந்து ஆழ்ந்த ஒலி எழுந்தது.

பண்டமாற்று இங்கும் உண்டு. கே.எல்.எச். நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவரான ஆண்டன் ஹாஃப்மனின் பெயரால் வழங்கும் ‘இரும்பு விதி’ அதைச் சுருக்கமாகச் சொல்கிறது. ஆழ்ந்த ஒலி, சிறிய பெட்டி, உயர் திறன் ஆகிய மூன்றில் இரண்டையே பெறமுடியும். வில்ச்சர் முதலிரண்டைத் தேர்ந்தார், திறன் இழக்கப்பட்டது. திறன் 3 டெசிபெல் குறைந்தால் அதே ஒலியளவுக்கு இருமடங்கு மின்னாற்றல் வேண்டும். 10 டெசிபெல் குறைந்தால் பத்து மடங்கு வேண்டும். கூம்புக்குழலுக்குச் சில வாட் போதுமான இடத்தில், மூடிய சிறுபெட்டிக்குப் பல பத்து வாட் தேவைப்பட்டது. 1958இல் வந்த ஏஆர்–3 நான்கு ஓம் தடையுடையது. எட்டு ஓம் பெட்டியைக் காட்டிலும், அதே மின்னழுத்தத்தில் பெருக்கியிடமிருந்து இருமடங்கு மின்னோட்டத்தை ஈர்த்தது.

இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது இரட்டைத்தட ஒலி. ஆலன் பிளம்லைன் 1931 டிசம்பரிலேயே அதன் அடிப்படைகளுக்குக் காப்புரிமை கோரியிருந்தார். ஆயினும் இரட்டைத்தட இசைத்தட்டுகள் 1958இல்தான் பரவலாக விற்பனைக்கு வந்தன. ஒரு மூலையை இசைக்கு ஒதுக்கிய வீடு, இப்போது இரு மூலைகளை ஒதுக்கவேண்டும். அவை ஒரே சுவரில் கதவோ சாளரமோ குறுக்கிடாமல் அமையவேண்டும். பல வீடுகளில் அத்தகைய மூலைகள் இல்லை. சிறுபெட்டியின் வெற்றிக்கு ஒலித்தரம் மட்டுமன்றி, வீட்டின் தரைப்படமும் காரணம் என்பது இதனால் தெளிவாகிறது.

5. இடம் ஒரு கருவியானது

இரட்டைத்தட ஒலி, கேட்பவர் அமரும் இடத்தையும் கட்டுப்படுத்தியது. இரு ஒலிபெருக்கிகளும் கேட்பவரும் சமபக்க முக்கோணத்தின் முனைகளாக அமையும்போது, நடுவே எவரும் இல்லாத இடத்தில் பாடகர் நிற்பதுபோன்ற தோற்றம் செவியில் உருவாகிறது. கேட்பவர் ஒருபுறம் நகர்ந்தால் அத்தோற்றம் அருகிலுள்ள பெட்டிக்குள் சரிந்துவிடும். பாதை வேறுபாடு 34 செ.மீ. ஆனாலே ஒலி ஒரு மில்லிநொடி முந்துகிறது. முந்தி வரும் அலையே திசையை முடிவுசெய்யும் என்பதை லோதர் கிரெமர் 1948இல் விதியாக வகுத்தார். அடுத்த ஆண்டு கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஹாஸ் தம் ஆய்வேட்டில், 5 முதல் 30 மில்லிநொடி தாமதித்து வரும் ஒலி 10 டெசிபெல் வரை வலுத்திருந்தாலும் தனி எதிரொலியாகக் கேட்பதில்லை எனக் காட்டினார்.

வீட்டு அறையின் சுவரிலிருந்து திரும்பும் முதல் எதிரொளிப்புகள் பெரும்பாலும் இக்கால வரம்புக்குள் அடங்குகின்றன. எனவே அவை எதிரொலியாக உணரப்படாமல், ஒலியின் நிறமாகவும் பரப்பாகவும் மாறுகின்றன. அறை கேட்பதில்லை, ஆனால் கேட்பனவற்றை எல்லாம் மாற்றுகிறது. 1957இல் வெளிவந்த குவாடு மின்நிலை ஒலிபெருக்கி இதற்குத் தெளிவான சான்று. மெல்லிய படலம் முன்னும் பின்னும் ஒருசேர ஒலித்ததால், அதைச் சுவரையொட்டி வைத்தால் பின்னலை திரும்பிவந்து கெடுத்தது. அது அறையின் உட்புறத்தில் நிற்கவேண்டியதாயிற்று. 15 வாட் பெருக்கிக்கு அமைந்த அதன் படலம், மிகப்பெரிய பெருக்கியோடு இணைத்தால் மின்பொறியால் துளைபடவும் கூடும். இடம், பெட்டி, ஆற்றல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று கட்டியிருந்தமை இங்கு வெளிப்படை.

6. நீடித்துழைப்பு

ஆற்றல் தேவை உயர்ந்த அதே காலத்தில் வால்வின் இடத்தை டிரான்சிஸ்டர் பிடித்தது. எச். சி. லின் 1956இல் வெளியிட்ட சுற்று, வெளியீட்டு மின்மாற்றி இன்றியே ஒலிபெருக்கியை இயக்க வழிகாட்டியது. எடையும் விலையும் குறைந்தன. ஆனால் அம்மின்மாற்றி காப்புச்சுவராகவும் பணிபுரிந்திருந்தது. அது இருந்தவரை, பெருக்கியில் பழுது நேர்ந்தாலும் நேர்மின்னோட்டம் ஒலிபெருக்கியை அடையவில்லை. அது நீங்கியபின், நேரடி இணைப்புள்ள பெருக்கியில் ஒரு டிரான்சிஸ்டர் பழுதானால் ஒலிபெருக்கியின் சுருளும் உடன் எரிந்தது. வெளியீட்டுக் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டால் வால்வு சற்று நேரம் தாங்கும். டிரான்சிஸ்டர் கணத்தில் அழியும்.

தொடக்ககால ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களுக்கு வெப்பம் தீராப் பகை. சூடேறினால் மின்னோட்டம் கூடும். மின்னோட்டம் கூடினால் மேலும் சூடேறும். இச்சுழல் தடுக்கப்படாவிடில் கருவி தன்னைத் தானே எரித்துக்கொள்ளும். சிலிக்கான் அவ்வெல்லையை உயர்த்தியது. உருகிகளும் மின்னோட்ட வரம்புச் சுற்றுகளும் இணைப்பைத் துண்டிக்கும் ரிலேக்களும் சேர்க்கப்பட்டன. அக்காலப் பழுதுகள் புதிய பொருளின் முதிர்ச்சியின்மைக்கே உரியனவாகப் பொதுவாகச் சொல்லப்படுகின்றன. அது பாதி விளக்கமே. திறன் குறைந்த, தடை தாழ்ந்த பெட்டிகள் முன்னில்லாத மின்னோட்டத்தைக் கோரிய அதே ஆண்டுகளில் டிரான்சிஸ்டர் வீட்டுக்குள் வந்தது. பளு கூடியதும் தாங்கும் உறுப்பு மாறியதும் ஒருங்கே நிகழ்ந்தன.

பொருளின் தன்மை மட்டுமே ஆயுளை முடிவுசெய்வதில்லை என்பதற்கு எதிர்முனைச் சான்று ஒன்று உண்டு. 1956இல் அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் இடப்பட்ட டிஏடி–1 தொலைபேசி வடத்தின் பெருக்கிகளில் 306 வால்வுகள் இருந்தன. வீட்டில் சில ஆயிரம் மணிநேரத்தில் தளரும் கருவி என அறியப்பட்ட வால்வு, அங்கு 1978 வரை 22 ஆண்டுகள் பணிபுரிந்தது. அவை தேர்ந்து செய்யப்பட்டவை. வரம்புக்கு மிகக் கீழே இயக்கப்பட்டவை. அணைத்து ஏற்றும் வெப்ப மாற்றத்துக்கு ஆளாகாமல், குளிர்ந்த கடலடியில் இடைவிடாது இயங்கியவை. ஆயுளைத் தந்தவை குறைந்த பளுவும் நிலையான வெப்பமும் ஆகும்.

வீட்டுப் பெருக்கியின் சூழல் இதற்கு நேர்மாறானது. அதில் முதலில் முதுமையடையும் உறுப்புகளுள் ஒன்று மின்பகு மின்தேக்கி. அதன் வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலில் நிலைபெற்ற நடைமுறை விதி. காற்றோட்டமற்ற அலமாரிக்குள்ளோ, மேலே துணி விரித்த மேசையிலோ வைக்கப்பட்ட பெருக்கி இவ்விதியின்படி விரைந்து முதுமை எய்துகிறது. அறைக்கலன்களின் ஒழுங்கு ஒலியை மட்டுமன்றிக் கருவியின் ஆயுளையும் தொட்டது.

7. அறையின் மீள்வருகை

1974இல் ராய் அலிசன் வெளியிட்ட ஆய்வு, ஒலிபெருக்கி அறைக்குள் வெளியிடும் ஆற்றலே அதைச் சூழ்ந்த பரப்புகளின் தொலைவைப் பொறுத்து மாறுவதைக் காட்டியது. பின்சுவரிலிருந்து 1 மீட்டர் தொலைவில் நிற்கும் பெட்டியிலிருந்து பின்னோக்கிச் சென்ற அலை, சென்று திரும்புகையில் 2 மீட்டர் பின்தங்குகிறது. ஏறத்தாழ 86 ஹெர்ட்ஸில் அது அரை அலையாகி, நேரலையை எதிர்க்கிறது. சுவர், பக்கச்சுவர், தரை மூன்றும் சம தொலைவில் இருப்பின் பள்ளம் ஆழமாகிறது. கிளிப்ஷ் மூலதனமாகக் கொண்ட சுவர், மூலையை விட்டு வெளியேறிய பெட்டிக்குக் கடனாக மாறியது.

இப்பள்ளத்தை மின்வழியில் நிரப்ப முயன்றால் தொடரின் மூன்றாம் கண்ணி மீண்டும் தோன்றுகிறது. 6 டெசிபெல் உயர்த்த நான்கு மடங்கு ஆற்றல் வேண்டும். எதிரலையும் உடன் உயர்வதால் பள்ளம் நிரம்புவதில்லை. வெப்பம் மட்டும் கூடுகிறது. பெட்டியை அரை மீட்டர் நகர்த்துவது பெருக்கிக்குச் செலவு வைக்காத திருத்தம்.

இவ்வளவு தெளிவான காரணி ஏன் வரலாற்றில் மறைந்தது? ஃபிளாய்டு டூலும் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட சோதனை இதற்கு ஒரு விடையைத் தருகிறது. திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்கச்செய்தபோது, ஒலிபெருக்கி இடம் மாறியதால் எழுந்த ஒலி வேறுபாட்டைக் கேட்போர் தம் மதிப்பெண்களில் வெளிப்படுத்தினர். கருவியைக் கண்ணால் கண்டு மதிப்பிட்டபோது, அதே பெரிய வேறுபாட்டைப் பெரிதும் புறக்கணித்தனர். அவர்களின் மதிப்பு கருவியின் அடையாளத்தோடு ஒட்டிக்கொண்டது. கருவிகளைக் கண்முன் வைத்து எழுதப்படும் வரலாறும் இவ்வாறே இடத்தைப் புறக்கணித்திருக்கலாம்.

முடிவுரை

சபைன் அளந்த அரங்கில் அறையே ஆய்வுப்பொருள். கிளிப்ஷின் காலத்தில் அறை ஒலிபெருக்கியின் உறுப்பு. வில்ச்சரின் சிறுபெட்டி அறையிடமிருந்து விடுதலை பெற்றதாகத் தோன்றினும், அறை முன்பு சுமந்த பளுவைப் பெருக்கியின்மேல் ஏற்றியது. அப்பளு வெப்பமாகவும், வெப்பம் குறைந்த ஆயுளாகவும் வெளிப்பட்டது. எனவே மூலைப்பேழையின் மறைவு, ஆற்றல்மிக்க பெருக்கியின் எழுச்சி, பழுதுகளின் பெருக்கம் ஆகியவற்றைத் தனித்தனி நிகழ்வுகளாகக் கொள்வதினும் ஒரே தொடரின் கண்ணிகளாகக் கொள்வது பொருந்தும்.

இம்முடிவு தொழில்நுட்ப வரலாற்றெழுத்துக்கு ஒரு முறையியல் கோரிக்கையை முன்வைக்கிறது. வீட்டுக்கருவியின் ஆயுளை ஆராய்வோர் அதன் சுற்றுப்படத்தோடு வீட்டின் தரைப்படத்தையும் சான்றாகக் கொள்ளவேண்டும். கருவி நின்ற இடத்தை அறியாமல், அது ஏன் அவ்வாறு வடிவம் பெற்றது என்பதையும், ஏன் அவ்வளவு காலமே உழைத்தது என்பதையும் முழுமையாக விளக்க இயலாது.